விருப்ப ஒழுங்கு

இன்றிரவு பன்னிரண்டுக்குள்
ஒன்று என்ற பெட்டிக்குள் ஒரு ஊரையும்
இரண்டு என்ற பெட்டிக்குள் இன்னொரு ஊரையும்
போட்டாக வேண்டும்.
மிச்சப் பெட்டிகளைப் பற்றிக் கவலையில்லை,
என் புள்ளி அவ்வளவு தூரம் போகாது.
மூன்றாம் தரம் எழுதி எடுத்தது,
நாலாம் தசமத்தைப் பிடித்துத் தொங்கி
மாவட்டக் கோட்டாவுக்குள் விழுந்தது.

ஏகாம்பரம் வீதியில் நஸ்மியின் கொமினிகேஷன்.
வாசலில் ஒரு மான்
பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டு நிற்கிறது.
இந்த ஊர் மான்கள் பஸ் ஹோர்னுக்கும் விலகுவதில்லை.

கேட்டவர் எல்லாரும் காரணம் தந்தார்கள்.
பௌதிகவியல் சேர் யாழ்ப்பாணம் என்றார்,
பழைய பீடம், பழகின கைகள்.
மிதுர்ஷா மட்டக்களப்பு என்றாள்,
வெள்ளி பின்னேரம் ஏறினால்
இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில்.
சித்தப்பா, எங்க படிச்சாலும் ஊசி ஒண்டுதானே.
யாரோ ஒருவர் விடுதித் தண்ணீரைப் பற்றி
அரை மணி நேரம் பேசினார்.
கொப்பியின் நடுவே கோடு கிழித்து
இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.
கோடு மட்டும் நேராய் வந்தது.

அம்மாவிடம் கேட்கவில்லை.
அம்மாவுக்கு ஒன்றைத் தெரியும்,
பின்வாசலால்.

பதினொரு வருஷம் பெரியாஸ்பத்திரியில் சிற்றூழியர்.
நோயாளியை மாற்றி அனுப்பும்போதெல்லாம்
அம்புலன்ஸின் மடக்குச் சீட்டில்
சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி போவாள்.
கிண்ணியாப் பாலத்தில் காற்றின் சத்தம்.
வெருகலில் கண் சொருகும்.
பனிச்சங்கேணியில் நிமலசிறி வேகத்தைக் குறைப்பார்.
அந்தக் கண்ணாடிக்கு வெள்ளைப் பூச்சு.
அம்மா இந்த ஊர்களைக் கண்டதில்லை,
குலுக்கலை வைத்துப் பெயர் சொல்வாள்.

மட்டக்களப்பைப் பற்றி அவள் சொன்னவை:
ட்ரொலிச் சில்லு ஒன்று கீச்சிடும்.
கன்டீனில் இடியாப்பம் ஏழு மணிக்கே முடிந்துவிடும்.
ஒரு சின்ன டொக்டர், கண் சிவந்து,
கடிதத்தைக் கையில் வாங்கும்போது
"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது.
இந்தக் கதையைப் பலதரம் சொன்னாள்.
சொல்லச் சொல்ல அந்த டொக்டர்
கொஞ்சம் கொஞ்சமாய்
என் முகத்துக்கு மாறிக்கொண்டு வந்தாள்.

மட்டக்களப்புத்தான்.
மௌஸ் அதன்மேல்தான் நின்றது.

பிறகு ஒரு அதிகாலை இரண்டு மணியை நினைத்தேன்.
நான் வெள்ளைக் கோட்டில்,
பக்கத்தில் இன்னும் நாலு வெள்ளைக் கோட்டுகள்.
கதவு திறக்கிறது,
கீச்சிடும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு அம்மா.
சுற்றி நிற்பவர்களைப் பார்த்துவிட்டு
என்னை "டொக்டர்" என்பாள்.
அது பரவாயில்லை.
நான் அதற்கு
"ம்" என்று சொல்லிவிடுவேனோ.

"ரெண்டு பெட்டிக்கு இவ்வளவு நேரமா?" என்றான் நஸ்மி.
மான் அட்டையில் பாதியை விட்டுவிட்டுப் போயிருந்தது.

யாழ்ப்பாணம், ஒன்று.
மட்டக்களப்பு, இரண்டு.
சமர்ப்பி.

வீட்டில் அம்மா இரவு வேலைக்கு வெளிக்கிட்டு
கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி,
"எதை முதல் போட்டாய்?"
சொன்னேன்.
ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்வதற்கு
சேரின் பழைய பீடத்தை நாக்கில் வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. ஊசியைக் குத்தினாள்.
"அந்த ரோட்டு எனக்குத் தெரியாது."
கொஞ்சம் நின்று,
"கண்ணாடியோரச் சீட் கிடைக்குமே?
ரெண்டு கையும் சும்மா இருக்கும்.
ஆனையிறவு எல்லாம் பாக்கலாம்."
செருப்பைப் போட்டாள்.
"வவுனியாவில பஸ் நிக்கேக்க கச்சான் வாங்கலாம்."

அவள் போன பிறகுதான் கண்டேன்,
சாப்பாட்டுப் பெட்டி மேசையிலேயே.
சைக்கிளை எடுத்தேன்.
பின்வாசலால் போனால் கிட்ட.